ருஸ்தும் என்றால் என்ன அர்த்தம்?

நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. சின்னப் பையன் பெரிய பையனிடம் வம்புக்குப் போனால், "இவரு பெரிய ருஸ்தும்! சண்டைக்குப் போறாரு!" என்போம். வீட்டுக்காரர் காஸ் சிலிண்டரைத் தனியாகத் தூக்கப் போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "நீங்க என்ன பெரிய ருஸ்தும்மா?" என்று கேட்போம். சென்னைப் பக்கத்தில் இந்தச் சொல் தாராளமாகப் புழங்கும். யார் இந்த ருஸ்தும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. யாரோ ஒரு பயில்வான் என்பதோடு சரி.

அந்தப் பெயரின் அர்த்தத்தை நான் தெரிந்துகொண்ட இடம் ஒரு பிரசவ வார்டு. தெரிந்துகொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதில்லை. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். என்னைப் போல வாய் நீளமுள்ள அம்மாக்கள் இன்னும் நாலு பேர் இருந்தால் அவர்களுக்கு உபயோகப்படுமே!

வார்டில் நடந்தது

பதினைந்து வருஷத்துக்கு முந்திய சமாசாரம். என் மகளுக்குத் தலைப்பிரசவம். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். சாயங்காலம் வலி கண்டது. விடிய விடியத் துடித்தாள். மறுநாள் பத்து மணிக்கு டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, "குழந்தையோட இதயத் துடிப்பு குறையுதும்மா. இனிமே காத்திருக்கக் கூடாது. ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார். கையெழுத்துப் போட்டோம். அரை மணியில் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு என்னவோ ஒரு குறை. என் மூன்று பிள்ளைகளும் கிராமத்தில், மருத்துவச்சி கையில், வீட்டிலேயே பிறந்தவர்கள். அதைப் பற்றி எனக்கு ஒரு கர்வமே உண்டு. ஊருக்கு போன் போட்ட என் நாத்தனாரிடம், "சுகப்பிரசவம்தான்" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். பக்கத்தில் படுத்திருந்த மகள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மூன்றாம் நாள். நர்ஸ் வந்து எழுந்து நடக்கச் சொன்னாள். மகளால் முடியவில்லை. தையல் இழுக்கிறது என்று கண் கலங்கினாள். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ! "வீட்டுல பெரிய ருஸ்தும் மாதிரிப் பேசினியேடி! நான் தாங்குவேன், நான் தாங்குவேன்னு! நான் மூணு பெத்தவ, மறுநாளே அடுப்படிக்கு வந்தேன். உனக்குக் கடைசியில வயித்தைக் கீறித்தானே எடுக்க வேண்டியதாப் போச்சு?"

சொன்ன அடுத்த நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதானே? அவள் ஒன்றும் பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குழந்தை அழுதது. அவள் திரும்பவே இல்லை.

அந்த அறையில் இன்னொரு கட்டிலும் உண்டு. அதில் ஒரு பார்ஸிப் பெண். அவளுக்குத் துணையாக இருந்தவர் அவளுடைய மாமியார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர், நம்மை விட நன்றாகத் தமிழ் பேசுவார். 1910ல் கட்டிய பார்ஸி அக்னி ஆலயம் அங்கேதானே இருக்கிறது! அவர் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தவர், ஊசியைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, ருஸ்தும் ருஸ்தும்னு சொல்றீங்களே, ருஸ்தும் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"யாரோ பயில்வான்னு கேள்வி."

அந்த அம்மாள் சிரித்தார். "பயில்வான்தான். ஆனா அந்தப் பயில்வானே வயித்தைக் கீறி எடுத்த பிள்ளைதாம்மா! இந்தப் பொண்ணையும் இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்றேன்."

ரூதாபா பட்ட பாடு

பார்ஸிகளின் முன்னோர் ஈரானிலிருந்து ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் குஜராத்துக்கு வந்து குடியேறியவர்கள். அதனால் ஈரானின் பழங்கதைகள் அவர்களுக்குப் பாட்டி கதைகள். பிற்பாடு என் மகள் வாசகசாலையிலிருந்து 'ஷாநாமா'வின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்து வந்து எனக்குப் படித்துச் சொன்னாள். அன்று கேட்டதையும் பிறகு படித்ததையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

ஷாநாமா என்றால் அரசர்களின் கதை. ஃபிர்தௌஸி என்ற கவி முப்பது வருஷத்துக்கும் மேல் உழைத்து 1010ஆம் வருஷம் பாடி முடித்த காவியம். சுமார் 50,000 ஈரடிச் செய்யுள்கள். நமக்கு ராமாயணமும் பாரதமும் எப்படியோ, ஈரான் மக்களுக்கு அது அப்படி.

அதில் ஸாம் என்று ஒரு பெரிய வீரன். அவனுக்கு ஒரு பிள்ளை பிறக்கிறது. உடம்பெல்லாம் அழகு. ஆனால் தலைமுடி மட்டும் கிழவனைப் போலத் தும்பை வெள்ளை. ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து, பெற்ற தகப்பனே அந்தப் பச்சைக் குழந்தையை மலையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறான். அங்கே ஸீமுர்க் என்ற மாயப் பறவை அதைத் தன் குஞ்சுகளோடு சேர்த்து வளர்க்கிறது. அவன்தான் ஸால். ஸால் என்றாலே நரைத்தவன் என்று அர்த்தம். பிற்பாடு மனம் திருந்திய தகப்பன் வந்து அழைத்துப் போகும்போது, ஸீமுர்க் தன் இறகு ஒன்றைக் கொடுத்து, "கஷ்டம் வந்தால் இதைக் கொளுத்து, வருகிறேன்" என்று சொல்லி அனுப்புகிறது.

ஸால் காதலித்தது காபூல் அரசன் மகள் ரூதாபாவை. இரண்டு குலத்துக்கும் தீராத பகை. போர் மூளும் நிலை. அதைத் தடுத்தது யார் தெரியுமோ? ரூதாபாவின் தாய் ஸிந்துக்த். கணவன் பயந்து நடுங்கிக்கொண்டிருக்க, அவள் பரிசுப் பொருள்களோடு தானே தூது போய், ஸாமின் முன்னால் நின்று பேசி, ஊரையும் காப்பாற்றி மகள் கல்யாணத்தையும் முடித்தாள். மகளுக்காக வாயைத் திறந்த தாய் அவள். எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று தெரிந்த தாய். என் வாயை நினைத்து அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

கல்யாணம் ஆயிற்று. ரூதாபா உண்டானாள். நாளாக நாளாக வயிறு கனக்கிறது. முகம் மஞ்சள் பாய்கிறது. வயிற்றில் இருப்பது பிள்ளையா, கல்லா, இரும்பா என்று தாயிடம் சொல்லி அழுகிறாள். நாள் நெருங்கியபோது நினைவு தப்பி விழுகிறாள். அரண்மனையே அழுகிறது. அந்த நேரத்தில்தான் ஸாலுக்கு இறகு ஞாபகம் வந்து, நெருப்பு மூட்டி அதில் கொஞ்சம் கொளுத்துகிறான். ஸீமுர்க் வருகிறது.

வந்த பறவை என்ன சொன்னது? கை தேர்ந்த மோபெத், அதாவது அவர்கள் மதகுரு ஒருவரை, கூரான கத்தியோடு வரவழைக்கச் சொன்னது. முதலில் மது கொடுத்து ரூதாபாவை மயங்கச் செய்யச் சொன்னது. அவள் மனதிலிருந்து பயத்தையும் கவலையையும் போக்கச் சொன்னது. அதன் பிறகு விலாப் பக்கம் கீறிக் குழந்தையை எடுத்து, அந்த இடத்தைத் தைத்துவிட வேண்டும். ஒரு பச்சிலையைப் பாலும் கஸ்தூரியும் சேர்த்து இடித்து, நிழலில் உலர்த்திப் பொடித்துப் பூச வேண்டும். மேலே தன் இறகால் தடவ வேண்டும்.

ஸிந்துக்துக்கு நம்பிக்கை வரவில்லை. "விலாவைக் கீறிப் பிள்ளை எடுப்பதாவது!" என்று அழுகிறாள். எந்தத் தாய்தான் அழமாட்டாள்? ஆனால் சொன்னபடியே எல்லாம் நடந்தது. குழந்தையின் தலையைத் திருப்பி, சேதமில்லாமல் எடுத்தார் அந்த மோபெத். ஒரு பகலும் ஓர் இரவும் ரூதாபா மயக்கத்தில் கிடந்தாள். கண் விழித்ததும் தாயோடு பேசினாள். பொன்னும் மணியும் இறைத்து எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதைப் பார்த்துச் சிரித்தாள் ரூதாபா. சிரித்துக்கொண்டே அவள் சொன்ன முதல் வார்த்தை, "விடுபட்டேன், என் துன்பம் தீர்ந்தது" என்ற பொருளில் வருகிறது.

"அந்த வார்த்தையையே பிள்ளைக்குப் பேரா வெச்சாங்க" என்று முடித்தார் பார்ஸி அம்மாள். "பாரசீகத்துல 'ரஸ்தம்'னா தப்பிச்சேன், விடுபட்டேன்னு அர்த்தம். அதுதான் ருஸ்தம். பிள்ளையோட பலத்துக்கு வெச்ச பேர் இல்லைம்மா. பெத்தவ உசுரு பிழைச்சதுக்கு வெச்ச பேரு!"

நம் ஊரில் பிரசவம் ஆனவள் என்ன சொல்வாள்? "செத்துப் பிழைச்சேன்" என்பாள். அதே வார்த்தைதானே இது! மகள் மெல்ல இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "அப்புறம் ஆன்ட்டி?" என்று கேட்டாள். மூன்று நாளில் அவளாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான்.

பண்டிதர்கள் சொல்லும் அர்த்தம்

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மொழி ஆராய்ச்சி செய்பவர்கள் இந்த விளக்கத்தை ஒப்புக்கொள்வதில்லை. பெயர் ஃபிர்தௌஸியை விட மிகவும் பழையது என்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டிலேயே ஈரானியப் படைத் தலைவர் ஒருவருக்கு ருஸ்தம் என்று பெயர். இன்றைய தஜிகிஸ்தானில் உள்ள பஞ்சிகெந்த் என்ற பழைய ஊரில், 8ஆம் நூற்றாண்டு வீட்டுச் சுவர்களில் ருஸ்தமின் கதையை வரிசையாகச் சித்திரம் தீட்டியிருந்தார்கள். அந்த ஓவியங்களை இப்போது ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஃபிர்தௌஸிக்கு முந்திய பாரசீகத்தில் இந்தப் பெயர் 'ரோத்ஸ்தஹ்ம்' என்பது போல நீளமாக இருந்தது. பின்பாதியில் வரும் 'தஹ்ம்' என்றால் பலம், வீரம். இதில் பண்டிதர்களுக்குள் தகராறு இல்லை. ருஸ்தமின் மனைவி தஹ்மீனா பெயரிலும் இதே சொல்தான் இருக்கிறது. ருஸ்தமுக்கே 'தஹம்தன்', அதாவது பலத்த உடம்புக்காரன் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. முன்பாதிக்குத்தான் இரண்டு விளக்கம். ஆறு என்று சிலர் சொல்கிறார்கள். வளர்ந்த உடற்கட்டு என்று சிலர் சொல்கிறார்கள். ஆற்றைப் போல் பலமுள்ளவன் என்றோ, வளர்த்தியிலும் பலத்திலும் மிகுந்தவன் என்றோ வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ரூதாபா சொன்னது? அது காவியத்தில் வரும் சொல் விளையாட்டு. அதற்குப் பாரசீக எழுத்தும் ஒத்தாசை செய்கிறது. அந்த எழுத்தில் குறில் ஓசைகளைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. ஆகவே 'ரஸ்தம்' என்ற வார்த்தையையும் 'ருஸ்தம்' என்ற பெயரையும் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். நாலே எழுத்து. பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. வாசிக்கிறவர் வாய்தான் இது விடுபட்ட தாயா, வீரனான பிள்ளையா என்று தீர்மானிக்க வேண்டும்!

இதைப் படித்துச் சொன்ன என் மகளிடம், "எதுதான்டி சரியான அர்த்தம்?" என்று கேட்டேன். "அகராதிக்கு அது சரி, எனக்கு இதுதான் சரி" என்றாள். அகராதி எழுதியவர்கள் பிள்ளை பெற்றிருக்கவில்லையே!

நம் ஊர் வரை வந்த பெயர்

ருஸ்தம் வளர்ந்த கதை பெரிய கதை. பத்துச் செவிலித் தாய்மார் பால் கொடுத்தார்களாம். பால் மறந்ததும் ஐந்து ஆள் சாப்பாடு சாப்பிட்டானாம். ரக்ஷ் என்ற குதிரை, ஏழு கண்டங்கள், பூதத்தோடு சண்டை என்று போகிறது. பாரசீகம் நம் நாட்டு அரண்மனைகளில் ஆட்சி மொழியாக இருந்த காலத்தில் இந்தக் கதையும் கூடவே வந்தது. மல்யுத்த வீரர்களுக்கு 'ருஸ்தம்' என்ற பட்டம் கொடுப்பது வழக்கமாயிற்று. காமா பயில்வான் 'ருஸ்தமே ஸமான்', அதாவது உலகத்து ருஸ்தம். தாராசிங் 1954ல் 'ருஸ்தமே ஹிந்த்' ஆனார். அப்படியே கோதாவிலிருந்து தெருவுக்கு இறங்கி, கடைசியில் நம் வீட்டு காஸ் சிலிண்டர் வரை வந்துவிட்டது! வந்த வழியில் பலம் மட்டும் மிஞ்சியது. பெற்றவள் காணாமல் போய்விட்டாள்.

மறைத்த பெயர்

1963ல் 'ருஸ்தம் ஸோராப்' என்று ஒரு ஹிந்திப் படம் வந்தது. பிருத்விராஜ் கபூரும் சுரையாவும் நடித்தது. நம்மில் மூத்தவர்கள் பார்த்திருக்கலாம். ஷாநாமாவில் எல்லோரையும் அழ வைக்கும் பகுதி அதுதான்.

ருஸ்தமுக்கும் தஹ்மீனாவுக்கும் பிறந்த பிள்ளை ஸோராப். தகப்பன் முகம் அறியாமல் வளர்ந்தவன். ருஸ்தம் விட்டுப்போன மணியை அடையாளமாக அவன் கையில் கட்டி அனுப்புகிறாள் தாய். போர்க்களத்தில் தகப்பனும் பிள்ளையும் எதிரெதிர்ப் படையில். பிள்ளைக்கு மனதில் ஏதோ தோன்றி, "நீங்கள் ருஸ்தம்தானே?" என்று கேட்கிறான். "நான் ருஸ்தம் இல்லை" என்கிறான் தகப்பன். சண்டை நடக்கிறது. கத்தி பாய்ந்து விழுந்த பிறகுதான், "என் தகப்பன் ருஸ்தம் உன்னைச் சும்மா விடமாட்டான்" என்கிறான் பிள்ளை. கையில் கட்டிய மணியைப் பார்க்கிறான் ருஸ்தம். பார்த்து என்ன பிரயோஜனம்?

பெயரைச் சொல்லியிருந்தால் போதும். தாய் பிழைத்த சந்தோஷத்தில் வைத்த பெயர். அதைச் சொல்லாமல் மறைத்ததில் ஓர் உயிர் போயிற்று.

பார்ஸி அம்மாள் இதைச் சொல்லி முடித்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தாநாள் நாத்தனாரிடம் "சுகப்பிரசவம்" என்று நான் மறைத்தது நினைவுக்கு வந்தது. என் மகள் செத்துப் பிழைத்ததை நான் ஏன் மறைத்தேன்? அதில் வெட்கப்பட என்ன இருந்தது?

அம்மாள் கடைசியாக ஒன்று சொன்னார். அந்தப் பிரசவத்தில் போய்விடுவாள் என்று எல்லோரும் அழுதார்களே ரூதாபா, அவள் ருஸ்தமின் மரணத்துக்குப் பிறகும் உயிரோடிருந்தாளாம். அத்தனை பெரிய வீரன் துரோகத்தால் குழியில் விழுந்து இறக்கிறான். அழுது அரற்ற அந்தத் தாய் இருக்கிறாள். "கீறி எடுத்தா உடம்பு வீணாயிடும்னு சொல்வாங்களே, அவ எத்தனை காலம் இருந்தா பாருங்க!" என்றார்.

ஸீஸர் கதையும் நிஜமும்

இந்த ஆபரேஷனுக்கு நாம் சொல்லும் 'சிசேரியன்' என்ற பெயர் ரோமாபுரி ஜூலியஸ் ஸீஸர் இப்படிப் பிறந்ததால் வந்தது என்று நினைக்கிறோம். அது சரியாக இருக்க முடியாது. அந்தக் காலத்து ரோமில் இறந்துபோன கர்ப்பிணியின் வயிற்றிலிருந்து குழந்தையை எடுப்பதுதான் வழக்கம். ஸீஸரின் தாய் அவுரேலியாவோ, மகன் பெரியவனாகிப் படை நடத்துவதைப் பார்க்கும் வரை உயிரோடிருந்தவள். ஈரானில் சிலர் 'ருஸ்தமீனே' என்று இந்த ஆபரேஷனுக்குச் சொந்தப் பெயரே வைத்திருக்கிறார்கள். தாயும் பிழைத்த கதையின் பெயர் இதற்குப் பொருத்தம்தானே!

ரூதாபா கதை கதைதான், சரித்திரம் இல்லை. நிஜத்தில் தாய் பிழைப்பதற்கு உலகம் வெகுகாலம் காத்திருந்தது. 1847ல் ஸ்காட்லாந்து டாக்டர் சிம்ப்ஸன் பிரசவத்தில் குளோரோபார்ம் கொடுத்தார். அப்போதும் கருப்பையைத் தைக்காமல் விட்டுவிடுவதே வழக்கமாக இருந்ததால் ரத்தப் போக்கிலும் விஷக் காய்ச்சலிலும் தாய்மார்கள் போனார்கள். 1882ல் ஜெர்மன் டாக்டர் ஸெங்கர் கருப்பையை ஒழுங்காகத் தைக்கும் முறையை விளக்கி எழுதினார். அதன் பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. மயக்கம் கொடு, கீறு, தை, மருந்திடு என்ற அந்த வரிசை மட்டும் ஃபிர்தௌஸியின் கதையில் 1010லேயே இருக்கிறது!

அதற்காக எல்லோருக்கும் ஆபரேஷன் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 100 பிரசவத்தில் 21.5 சிசேரியன். தமிழ்நாட்டில் 44.9. ஈரானிலும் இது மிக அதிகமாகிவிட்டதால், 2014 முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் இயற்கைப் பிரசவத்தை இலவசமாக்கி ஊக்கம் கொடுத்தார்கள். ஆகவே, "எதற்காக ஆபரேஷன் டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் தாய்க்கோ சேய்க்கோ ஆபத்து என்று டாக்டர் சொல்லி, ஆபரேஷன் நடந்து முடிந்த பிறகு, படுத்திருப்பவளைக் குறை சொல்லாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு கவனிக்க வேண்டியவை:

ஸீமுர்க் சொன்னதைப் போலத் தையல் மேல் பச்சிலை, மஞ்சள், விபூதி என்று எதையும் பூசாதீர்கள். கதையில் மாய இறகு இருந்தது. நம்மிடம் இல்லை. சுத்தமாக, ஈரமில்லாமல் வைத்திருந்தால் போதும். தையல் சிவந்து வீங்கினாலோ, சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, ரத்தப் போக்கு அதிகமானாலோ, காலில் வலியும் வீக்கமும் கண்டாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

டாக்டர் சொன்ன நேரத்தில் மெள்ள எழுந்து நடப்பது நல்லது. ரத்தம் கட்டாமல் இருக்கும். எழும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் தையல் இழுக்காது. முதல் சில வாரங்களுக்குக் குழந்தையை விடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடமும் இதில் சேர்த்தி!

ஆபரேஷன் ஆனவளுக்குப் பால் வராது என்பது கட்டுக்கதை. முதுகில் ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷனில் தாய் விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள். இருவரும் நலமாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பால் கொடுக்கலாம். குழந்தையை வயிற்றின் மேல் போடாமல் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது ஒன்றரை, இரண்டு வருஷமாவது இடைவெளி வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பறவை சொன்ன ஒன்றை மறக்காதீர்கள். கத்தியை வைப்பதற்கு முன்னாலேயே அது சொல்லிவிட்டது, அவள் மனதிலிருந்து பயத்தைப் போக்கு என்று. மயக்க ஊசியை டாக்டர் போடுவார். தையலையும் அவர் போடுவார். இந்த ஒன்றை வீட்டு மனுஷர்கள்தான் செய்ய வேண்டும். நான் அதற்கு நேர்மாறாகச் செய்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் ஓயாமல் அழுகை, தூக்கமின்மை, குழந்தை மேல் பிடிப்பில்லாமை என்று நீடித்தால் அதுவும் வியாதிதான். அதற்கும் வைத்தியம் உண்டு. "திமிர்" என்று பெயர் வைத்துவிடாதீர்கள்.

தொட்டில் போட்ட நாள்

அன்று ராத்திரி மகளின் கால்மாட்டில் உட்கார்ந்து, "தப்பாப் பேசிட்டேம்மா" என்றேன். அம்மா மகளிடம் மன்னிப்புக் கேட்பது நம் வீடுகளில் வழக்கமில்லை. வார்த்தை வருவதற்கே சிரமமாகத்தான் இருந்தது. அவள், "குழந்தையை எடுத்துக் குடும்மா, பசிக்குதுபோல இருக்கு" என்றாள். அவ்வளவுதான். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

தொட்டில் போட்ட அன்று வீடு நிறைய உறவுக்காரர்கள். நாத்தனார் வந்தவள், "சுகப்பிரசவம்னு சொன்னே, பொண்ணு இன்னும் வளைஞ்சு நடக்கிறாளே?" என்று கூட்டத்தில் கேட்டாள். இந்தத் தடவை நான் மறைக்கவில்லை.

"ஆபரேஷன்தான். அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். அம்மாவும் குழந்தையும் சுகமா இருக்காங்க. அப்போ அது சுகப்பிரசவம்தானே?" என்றேன். நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படியில் இருந்த சம்பந்தியம்மாள் மட்டும், "நல்லாச் சொன்னீங்க" என்றார்.

பேத்திக்கு வைத்த பெயர் வேறு. ஆனால் வீட்டில் என் மகள் அவளைக் கூப்பிடுவது "ருஸ்தும்" என்றுதான். பொட்டைப் பிள்ளைக்குப் போய் இப்படி ஒரு செல்லப் பேரா என்று கேட்காதவர் இல்லை. பேத்தி இப்போது பத்தாவது படிக்கிறாள். போன மாசம் அவளே என்னிடம் வந்து கேட்டாள்:

"பாட்டி, ருஸ்தும்னா என்ன அர்த்தம்? பயில்வானா?"

"உங்க அம்மா பிழைச்சான்னு அர்த்தம்" என்றேன்.